கேன்ட் அட்டவணை சுவரோடு நின்றுவிட்டால்

வணக்கம் சார். சுங்கை சிப்புட்டில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நூலக மூலை அமைக்கும் திட்டத்தில், மாணவர்கள் முதல் வாரம் கேன்ட் அட்டவணை (எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் கால அட்டவணை) போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு 12ஆவது வாரம் அலறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேலையைப் பிரிக்காமலே தேதிக்குத் தாவியிருக்கிறார்கள்.

முதலில் வேலைப் பட்டியலைக் கேளுங்கள். “சாயம் பூசுதல்” என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய சாயத்தைச் சுரண்டுதல், அண்டர்கோட் (அடிப்பூச்சு), காயவிடுதல், இரண்டு கோட் சாயம் என்று வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். “எல்லாரும்” என்று போட்ட வேலையை யாரும் தொடமாட்டார்கள்.

அடுத்தது பெர்ட் கணக்கு, அதாவது ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று மூன்று மதிப்பீடுகளை வைத்துக் கணிப்பது; வழக்கமான நாளை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு வேலை சீக்கிரம் முடிந்தால் 2 நாள், வழக்கமாக 3, மழை பிடித்துக்கொண்டால் 10 என்றால், (2 + 4×3 + 10) ÷ 6 = 4 நாள். வெண்பலகையில் அவர்களையே போட வையுங்கள்.

தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் வராமல் எதுவும் நகராது. மாணவர்கள் அதையும் பள்ளி விடுமுறையையும் அட்டவணையில் சேர்க்க மறந்துவிடுவார்கள். வாராவாரம் 10 நிமிடம் ஒதுக்கி, திட்டமிட்ட தேதிக்குப் பக்கத்தில் உண்மையில் முடிந்த தேதியைச் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். மொத்தப் புள்ளியில் பாதியை இந்தத் திருத்தங்களுக்கே கொடுங்கள். அழகான அட்டவணைக்குக் கொடுத்தால், கடைசி இரவில் தேதிகளை மாற்றி வரைந்து கொண்டுவந்துவிடுவார்கள்.