மிச்சம் எத்தனை கட்டை

வணக்கம் சார்,

நான் பியானோ வாசிப்பேன், அப்பப்போ சொந்தமா சின்ன ட்யூனும் போடுவேன். பருவநிலை மாற்றம் இசையை எப்படி தூண்டுதுன்னு நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, 2016ல இத்தாலிய பியானோ கலைஞர் லுடோவிகோ எய்னாடி ஆர்க்டிக்ல இருக்கற ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் கடல்ல மிதக்கிற மேடையில உக்காந்து பியானோ வாசிச்ச வீடியோவைப் பாத்தேன். அழகா தான் இருந்துச்சு. ஆனா பனி உருகறதுக்கும் அந்த ட்யூனுக்கும் என்ன சம்பந்தம்? வேற எந்த சோகத்துக்கும் அதையே வாசிக்கலாமே? அதோட, இதெல்லாம் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகுது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தம் என்னன்னு கேட்டீங்க பாருங்க, அது சரியான கேள்வி. அந்த வீடியோவுல எனக்கும் மனசுல நிக்கறது பின்னாடி சரிஞ்சு விழற பனி தான். ஆனா அதை வச்சு மொத்தத்தையும் ஒதுக்கிடாதீங்க, ஏன்னா மாற்றத்தை நினைச்சு ஒருத்தர் வாசிக்கறது ஒரு வகை, அந்த மாற்றமே உள்ள வந்து அடுத்த சுரம் எதுன்னு முடிவு பண்றது இன்னொரு வகை, என்னை ரொம்ப பாதிச்சது இந்த ரெண்டாவது தான்.

2013ல மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் க்ராஃபோர்ட், 1880லேருந்து 2012 வரைக்கும் உலக வெப்பநிலை பத்தின நாசா டேட்டாவை எடுத்து வருஷத்துக்கு ஒரு சுரம்னு செல்லோவுல (வயலின் குடும்பத்துல பெரிய கம்பி வாத்தியம்) வாசிச்சார். இருக்கறதுலயே குளிரான வருஷம் 1909, அதுக்கு செல்லோவோட அடி சுரம், அங்கேருந்து சுமார் 0.03 டிகிரி செல்சியஸ் கூடக்கூட அரை சுரம் மேல, அதாவது பியானோவுல ஒரு கட்டை, அவ்ளோ தான் ரூல். ஆரம்பத்துல பெரிய பரபரப்பு எதுவும் இல்லாம கீழயே ஏறி இறங்கிட்டிருக்கும், நீங்களே போர் அடிக்குதுன்னு நினைப்பீங்க, கடைசி முப்பது சுரத்துல தான் விஷயம் புரியும். செல்லோவுல மேல போகணும்னா இடது கை அதோட கழுத்தை விட்டு இறங்கி, கம்பியைத் தாங்கற பிரிட்ஜ் பக்கமா வரணும், வர வர விரல் வைக்கற இடம் நெருங்கும், அதிர்றதுக்கு மிச்சம் இருக்கற கம்பி குட்டையாகும், சத்தம் மெலிஞ்சு கூர்மையாகிட்டே போகும், கேக்கும்போது நம்ம தொண்டையும் கூடவே இறுகற மாதிரி இருக்கும். இதை வேற சோகத்துக்கு வாசிக்க முடியாது, ஒரு சுரம் மாத்தினா கூட கணக்கு பொய்யாயிடும்.

இன்னொண்ணும் சொல்லணும், அடுத்து சொல்லப்போறதை இசைன்னே நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, நான் ஒத்துக்கறேன். பெர்னி க்ராஸ்னு ஒரு இசைக்கலைஞர், காட்டுச் சத்தங்களைப் பதிவு பண்றதையே வாழ்க்கையா எடுத்துக்கிட்டவர், 1988ல கலிஃபோர்னியா சியரா நெவாடா மலையில லிங்கன் மெடோங்கற இடத்துல விடியற நேரத்துச் சத்தத்தைப் பதிவு பண்ணார். அப்புறம் அங்க மரம் வெட்டினாங்க, மொத்தமா இல்ல, அங்கங்க பொறுக்கி எடுத்து, காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்கு குடுத்துட்டு தான் வெட்டினாங்க. அடுத்த வருஷம் அதே நாள், அதே நேரம் போனார். போட்டோவுல காடு அப்படியே இருக்கு. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ரெண்டு பதிவையும் அடுத்தடுத்து கேட்டேன், முதல்ல பறவைங்க ஒண்ணோட ஒண்ணு மோதாம, ஆர்கெஸ்ட்ரா மாதிரி தனித்தனி சுருதியில நிறைஞ்சு இருக்கு, ரெண்டாவதுல ஓடைத் தண்ணி ஓடுது, ஒரே ஒரு மரங்கொத்தி தட்டுது. கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் காதுக்குத் தெரிஞ்சுடுச்சு, எனக்கு அன்னிக்கு வேற எதுவும் கேக்கப் பிடிக்கல.

இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 'பிகம் ஓஷன்'ல பெரிய ஆர்கெஸ்ட்ராவையே மூணு கூட்டமா பிரிச்சு கடல் மட்டம் ஏறற மாதிரி 42 நிமிஷம் அலை அலையா எழுதி 2014ல புலிட்சர் பரிசு வாங்கினார், அதையும் தேடிக் கேளுங்க, ஆனா பாதியில நிறுத்தாதீங்க.

யாருக்கு என்ன ஆகும்னு கேட்டீங்களே. 1970ல ரோஜர் பெய்ன்னு ஒரு திமிங்கல ஆராய்ச்சியாளர் கூன்முதுகுத் திமிங்கலங்களோட பாட்டை இசைத்தட்டா வெளியிட்டார், அதுவரைக்கும் எண்ணெயும் இறைச்சியுமா இருந்த உயிரினம் ஜனங்க காதுக்கு பாடகனா மாறிச்சு. வணிக வேட்டையை நிறுத்தணும்னு சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982ல ஓட்டு போட்டு 1986லேருந்து அமலாச்சு. அந்த இசைத்தட்டு மட்டுமே காரணம்னு சொன்னா அது பொய், அது இல்லாம அவ்ளோ சீக்கிரம் நடந்திருக்கும்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

நீங்க பியானோக்காரர், அதனால ஒண்ணு கேக்கறேன். அந்த செல்லோவோட அடி சுரம் உங்க பியானோவுல இடது பக்கத்துலேருந்து எண்ணினா ரெண்டாவது ஸி. க்ராஃபோர்டோட வாசிப்பு அங்கேருந்து ஏறக்குறைய மூணு ஸ்தாயி (ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை) மேல போய் முடிஞ்சுடுது. அந்த இடத்துலேருந்து கருப்பு கட்டையையும் சேத்து எண்ணுங்க, பியானோ முடிய இன்னும் 36 கட்டை தான் இருக்கும். க்ராஃபோர்ட் எடுத்த பட்டியல்ல அதிக வெப்பமான வருஷம் 2010, 1951-80 சராசரியை விட 0.7 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. நாசா கணக்குல 2024 அதே சராசரியை விட 1.28 டிகிரி மேல. 0.03 டிகிரிக்கு ஒரு கட்டைங்கற அதே ரூல்படி, அந்த 36ல ஏறக்குறைய பாதி ஏற்கெனவே போயாச்சு. 2013லேருந்து 2024 வரைக்கும் 12 சுரம் பாக்கி இருக்கு, அதை நீங்க வாசிச்சு எனக்கு அனுப்புங்க.