முதலில் மூச்சு, பிறகு வேகம்: சிறுவர் நீச்சல் அணி குறித்த கேள்வி–பதில்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. சுமார் 10 மீட்டர் தூரம் நீந்துகிறாள்; அதற்கு மேல் முடியாமல் நின்றுவிடுகிறாள். கோடை நீச்சல் அணியில் சேர இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. கைகளுக்கு வலுவேற்றும் பயிற்சி ஏதேனும் தரலாமா?

பதில்: கைகளுக்கு வலுவேற்ற வேண்டிய வயது இதுவல்ல, அவள் நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கைகளாக இருக்காது. இந்தத் தூரத்தில் நின்றுவிடும் குழந்தைகளைக் கரையிலிருந்து கவனித்தால், பலரும் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டுதான் அதுவரை வந்திருக்கிறார்கள் என்பது புரியும். மூச்சு முட்டியதும் தலையை முன்பக்கமாகத் தூக்குகிறார்கள். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் அமிழும். அதன் பிறகு ஒவ்வொரு கைவீச்சும் மேட்டில் ஏறுவது போலாகிவிடுகிறது.

எனவே இந்த இரண்டு மாதங்களையும் மூச்சுக்கே கொடுங்கள். மார்பளவு நீரில் சுவரைப் பிடித்து நிற்கச் செய்து, முகத்தை நீருக்குள் வைத்து “ம்ம்ம்” என்று முனகச் சொல்லுங்கள்; அப்போது காற்று மூக்கின் வழியே தானாக வெளியேறும், குமிழிகள் வருவதால் குழந்தைக்கு அது விளையாட்டாகவும் இருக்கும். உள்ளே இருக்கும்போதே காற்றை விட்டுவிட்டால், வெளியே வரும் கணத்தில் உள்ளிழுப்பது ஒன்றுதான் வேலை. இதைத் தொடர்ந்து பத்து முறை பதற்றமின்றிச் செய்ய முடிந்த பிறகு, கைகளைக் காதோடு ஒட்டி நீட்டி, சுவரைக் காலால் உதைத்து அம்பு போல வழுக்கிச் செல்லப் பழக்குங்கள். பிறகுதான் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி மூச்செடுப்பது; அப்போது ஒரு காது நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மல்லாந்து மிதக்கவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் களைத்துப்போன குழந்தைக்கு நடுக்குளத்தில் கிடைக்கும் ஒரே இருக்கை அதுதான்.

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்பதைவிட, மூன்று நாள்கள் அரை மணி நேரம் என்பது இந்த வயதுக்குப் பொருந்தும். சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழக்கும். உதடு நீலம் பாய்ந்தாலோ பல் கிட்டினாலோ அன்றைய பயிற்சி முடிந்தது என்று பொருள். பல அணிகள் சேர்க்கையின்போது 25 மீட்டரை நிற்காமல் நீந்தச் சொல்கின்றன. அணிக்கு அணி இது மாறுபடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் முகத்தை நீரில் வைக்கவே மறுக்கிறான். “குளத்தில் தள்ளிவிடு, தானாகக் கற்றுக்கொள்வான்” என்கிறார் என் மாமா. நீச்சல் கண்ணாடி வாங்கினால் பயம் போகுமா?

பதில்: தள்ளிவிடாதீர்கள். அப்படித் தள்ளப்பட்ட குழந்தை கற்றுக்கொள்வது நீச்சலை அல்ல, கரையில் நிற்பவரை நம்பக் கூடாது என்பதைத்தான். பிறகு அந்த நம்பிக்கையை மீட்கப் பயிற்றுநர் படும் பாடு பெரிது.

கண்ணாடி உதவும், ஆனால் அது முகத்துக்குப் பொருந்த வேண்டும். பட்டையை மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரிரு விநாடிகளாவது அது ஒட்டி நின்றால் சரியான அளவு. நீர் கசிகிறது என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போவது வீண்; வடிவம் பொருந்தாத கண்ணாடியை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். உட்புறத்தை விரலால் துடைத்தால், பனிப்படலத்தைத் தடுக்கும் பூச்சு அழிந்துவிடும். இடையிடையே கண்ணாடி இல்லாமலும் சிறிது நேரம் விளையாட விடுங்கள். இல்லையென்றால் போட்டியின் நடுவே அது கழன்று விழும் நாளில் அழுதுகொண்டு நிற்பான்.

நீச்சலுடை வாங்கும்போது வெளிர்நீலத்தையும் வெள்ளையையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறங்கள் நீருக்கடியில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பளிச்சென்ற ஆரஞ்சு உடனே தெரியும்.

கேள்வி: நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று என் பிள்ளைகள் இருவரும் போட்டி போடுகிறார்கள். நுரையீரலுக்கு நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல, இன்றே நிறுத்துங்கள். மூச்செடுக்க வேண்டும் என்ற தவிப்பை நமக்குள் எழுப்புவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் அந்த வாயு குறைந்துவிடுகிறது. தவிப்பு தோன்றுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, குழந்தை எந்த அறிகுறியும் இல்லாமல் மயங்கிவிடக்கூடும். ஆழமற்ற குளத்திலும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நேர்கிறது. மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று காத்திருக்கவும் கூடாது, ஏனெனில் பெரும்பாலும் சத்தமே இருக்காது.

கேள்வி: குளத்திலிருந்து வந்தால் மகளின் கண்கள் சிவந்துவிடுகின்றன. குளோரின் அதிகமாகப் போடுகிறார்களா?

பதில்: அநேகமாகக் குற்றவாளி குளோரின் மட்டுமல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது உருவாகும் குளோரமைன்தான் அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் முக்கியக் காரணம். குளத்தில் இறங்குவதற்கு முன் எல்லோரும் குளித்துவிட்டு, குழந்தைகளைக் கழிப்பறைக்கும் அழைத்துச் சென்றாலே பாதித் தொல்லை தீரும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்துப் பக்கமே அழைத்து வர வேண்டாம். குளோரினுக்கு எளிதில் அழியாத கிருமிகளும் உண்டு. காதில் நீர் புகுந்தால் தலையைச் சாய்த்து வடியவிட்டு வெளிக்காதைத் துண்டால் துடையுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையன் மேடையிலிருந்து டைவ் அடிக்க ஆசைப்படுகிறான். அனுமதிக்கலாமா?

பதில்: பயிற்றுநர் அருகில் இருந்தால் மட்டும், அதுவும் படிப்படியாக: முதலில் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு நின்று. எந்த நிலையிலும் நீட்டிய கைகள் தலைக்கு முன்னே செல்ல வேண்டும். தொடக்க மேடை உள்ள முனையில் நீர் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆழம் குறைந்த முனையில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பு முறிவில் முடியக்கூடும். சிறுவர் போட்டிகள் பலவற்றில் நீருக்குள் இருந்தபடியே சுவரை உதைத்துத் தொடங்க இடமுண்டு; அவசரப்பட வேண்டியதில்லை.

கேள்வி: எட்டு வயது மகள் முதல் போட்டியிலேயே பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (தவளை போல் நீந்தும் முறை) தகுதி நீக்கம் செய்யப்பட்டாள். இனி வரவே மாட்டேன் என்கிறாள். என்ன சொல்வது?

பதில்: என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், “பரவாயில்லை” என்ற பொத்தாம்பொதுவான ஆறுதலைவிட, காரணம் தெரிவது பிள்ளைகளுக்கு அதிக நிம்மதி தருகிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் முறை) சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலே தகுதி போய்விடும். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் சுவரைப் பார்க்கும் ஆவலில் கடைசி நொடியில் குப்புறத் திரும்பிவிடுகிறார்கள். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே தொங்கும் கொடிகள் இதற்காகத்தான். கொடியிலிருந்து சுவருக்குத் தனக்கு எத்தனை வீச்சு என்று எண்ணி வைத்துக்கொண்ட குழந்தை திரும்பிப் பார்க்காது. விருப்பமான முறையில் நீந்தும் ஃப்ரீஸ்டைலில் சற்றுத் தாராளம் உண்டு: களைத்துப்போனால் தரையில் கால் ஊன்றி நிற்கலாம், நடக்கவோ தடங்களைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்து இழுக்கவோ மட்டும் கூடாது. இது தெரிந்ததும் பல குழந்தைகளின் முகத்தில் ஒரு தெளிச்சி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி நாள் என்பது பெரும்பாலும் காத்திருப்புதான்; ஒரு நிமிட நீச்சலுக்காகச் சில மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். இரண்டு துண்டுகள், குடிநீர், எளிதில் செரிக்கும் தின்பண்டம், ஒரு விளையாட்டுப் பொருள் ஆகியவை பையில் இருக்கட்டும். நேரத்தை அளந்து அவளிடம் சொல்லும் வேலையைப் பயிற்றுநரிடமே விட்டுவிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு அவளை அழைத்துச் சென்று, நீந்தச் சொல்லாமல், சுவருக்கு மூன்று வீச்சுத் தொலைவில் நின்று இரண்டு கைகளாலும் சேர்த்துத் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பத்து முறை போதும்.