ஜூன் காட்டில் மான்குட்டி: வேட்டைக்குத் தயாராகும் வாசகர்களின் கேள்விகள்

வெள்ளைவால் மான் வேட்டை தொடங்க நான்கு மாதம் இருக்கும்போதே பரண் கட்ட இடம் தேடிக் காட்டில் இறங்குபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்த அவசரமும் மான்கள் குட்டி ஈனும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருந்தன.

பென்சில்வேனியாவில் மான் தடம் பார்த்துக்கொண்டு போனபோது, பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு குட்டி சுருண்டு படுத்திருந்தது. வெகுநேரம் ஒதுங்கி நின்றும் தாய் வரவில்லை. கைவிடப்பட்ட குட்டியா?

இல்லை. நீங்கள் நின்றதால்தான் தாய் வரவில்லை.

பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் குட்டிக்கு இருக்கும் பாதுகாப்பு அசையாமல் கிடப்பது ஒன்றுதான். இரண்டு முதல் மூன்றரை கிலோ எடையுள்ள அந்த உயிரால் கயோட்டி என்ற சிறு ஓநாய் போன்ற மிருகத்திடமிருந்தோ கருங்கரடியிடமிருந்தோ ஓடித் தப்ப முடியாது. தாய் அதை ஓர் இடத்துக்கு அழைத்து வந்து விடும். எந்தப் புதருக்கு அடியில் படுப்பது என்பதைக் குட்டியே தேர்ந்துகொள்ளும். பிறகு தாய் விலகிப் போய் மேயும். நாளில் சில தடவை மட்டும் திரும்பி வந்து பால் கொடுக்கும். அப்போது குட்டியை நக்கி, அதன் சிறுநீரையும் சாணத்தையும் விழுங்கிவிடும். ஈன்றவுடன் நஞ்சுக்கொடியையும் தின்றுவிடுகிறது. மோப்பம் பிடித்து வரும் மிருகத்துக்குத் துப்புக் கிடைக்காமல் போவதற்கு இதெல்லாம் உதவுகிறது. முதுகில் இருக்கும் ஏறத்தாழ 300 வெள்ளைப் புள்ளிகள் இலைகளின் ஊடே விழும் வெயிலோடு கலந்துவிடும். ஆபத்து நெருங்கினால் குட்டியின் இதயத் துடிப்பே சட்டென்று இறங்கிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது துவண்டு கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

முதிர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் ஈனும். இரண்டையும் வெவ்வேறு இடங்களில் படுக்க வைப்பதுண்டு. ஆகவே ஒரு குட்டியைப் பார்த்தால் திரும்பும்போது காலடியில் கவனம் வையுங்கள். வந்த வழியே போவது நல்லது.

கவலைப்பட வேண்டிய அடையாளங்களும் உண்டு: தாய் பக்கத்தில் செத்துக் கிடப்பது, குட்டியின் உடலில் காயம், மேலே ஈ மொய்ப்பது, நீர்ச்சத்து வற்றிக் காது நுனிகள் சுருண்டிருப்பது, மணிக்கணக்காகக் கத்திக்கொண்டு அலைவது. அப்போதும் குட்டியைத் தூக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மாநில வனவிலங்குத் துறையை அழையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். மானை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது, மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோயைப் பரப்பவும் வழி செய்யும். பாலூட்டிக் காப்பாற்றலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மான் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இருமடங்கு. கடைப் பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும்.

மகள் ஆசைப்பட்டுக் குட்டியைத் தொட்டுவிட்டாள். மனித வாசனை பட்டதால் தாய் ஒதுக்கிவிடுமா?

ஒதுக்காது. இது காலங்காலமாகச் சொல்லப்படும் தவறான நம்பிக்கை. தாய்க்கும் குட்டிக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு மெலிதானதல்ல. ஆனால் அந்த இடத்துக்கு நீங்கள் விட்டு வந்த வாசனைத் தடத்தைப் பின்பற்றி வேறொரு மிருகம் வரலாம். மறுநாள் 'இருக்கிறதா' என்று பார்க்கப் போகாதீர்கள்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். எந்த மாதங்களில் காட்டைப் பார்ப்பது, எப்போது விலகி இருப்பது?

கணக்கு எளிது. வடக்கு மாநிலங்களில் மான்கள் இணைசேர்வது நவம்பர் முதல் பாதியில் உச்சம் தொடும். சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். அதனால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பெரும்பாலான குட்டிகள் தரையைத் தொட்டுவிடும். தெற்கே போனால் கணக்கு மாறும்: அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரியில்தான் இணைசேர்கின்றன, குட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் வரும், புளோரிடாவின் தென்கோடியில் பிப்ரவரி, மார்ச்சிலேயே குட்டிகளைப் பார்க்கலாம். தென் மாநிலத்தில் வேட்டையாடும் நண்பரின் நாட்காட்டியை நீங்கள் பின்பற்ற முடியாது.

என்னைக் கேட்டால், உண்மையான தேடலைப் பனி உருகியவுடன் மார்ச், ஏப்ரலில் முடித்துவிட வேண்டும். இலை இருக்காது, போன இலையுதிர்காலத்தில் ஆண் மான்கள் மரத்தில் கொம்பு தேய்த்த தழும்புகளும், பழைய தடங்களும், உதிர்ந்த கொம்புகளும் கண்ணில் படும். பரணை அப்போதே கட்டிவிடலாம். மே 20 முதல் ஜூன் கடைசி வரை உயரமான புல்வெளி, பெரணிக் காடு, மரம் வெட்டிய பின் தழைத்த இளங்காடு ஆகியவற்றுக்குள் நுழைய வேண்டிய தேவை ஒன்றுமில்லை. மரத்தில் கட்டி வைத்த, மான்களைத் தானாகப் படமெடுக்கும் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் காரணமே அல்ல. ஜூலை வந்தபின் வயல் ஓரத்தில் தொலைவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பாருங்கள். வெல்வெட் (வளரும் கொம்பை மூடும் மென்ரோமத் தோல்) போர்த்திய கொம்போடு ஆண் மான்கள் மாலையில் தாமாகவே வெளியே வரும்.

அந்த மாதங்களில் போயே தீருவேன் என்றால் நாயை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். குட்டியின் கத்தலைப் போல ஒலிக்கும் ஊதுகுழலையும் தொடாதீர்கள். அதைக் கேட்டால் தாய் மறைவிடத்தை விட்டு ஓடி வரும். கரடியும் வரும்.

ஜூன் மாதக் கேமராப் படங்களில், சென்ற வருடம் பிறந்த இளம் மான்கள் திக்குத் தெரியாததுபோல் தனியாக அலைகின்றன. ஏன்?

தாய் விரட்டிவிட்டது. குட்டி ஈனும் சமயத்தில் பெண் மான் தன் இடத்தைக் காக்கும்; முந்தைய வருடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அங்கே அனுமதி இல்லை. இந்த நாட்களில் அவை சாலைகளில் அடிபடுவதும் உண்டு. உங்கள் கேமராவைப் பொறுத்தவரை இது நல்ல தகவல்: இளம் மான்கள் திடீரென்று தனித்து அலைந்தால், அருகில் எங்கோ குட்டி கிடக்கக்கூடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விஸ்கான்சினில் 60 ஏக்கர் சொந்த நிலம். இந்த வருடம் எத்தனை குட்டி பிழைத்தது என்று கேமராவில் கண்டுபிடிக்க முடியுமா?

எண்ணிக்கையை அல்ல, விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரே குட்டி பத்துப் படத்தில் வரும், ஒரே தாயும் பத்துப் படத்தில் வரும்; அதனால் தனித்தனியாக எண்ணுவது வீண். ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்த படங்களில் பெண் மான்கள் வரும் தடவைகளையும் குட்டிகள் வரும் தடவைகளையும் தனித்தனியே கூட்டி, குட்டிகளின் கூட்டுத்தொகையைப் பெண் மான்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். ஜூனில் இதைச் செய்தால் குட்டிகளே இல்லை என்று தோன்றும். அவை படுத்துக் கிடக்கின்றன.

இரண்டு தாய்க்கு ஒரு குட்டி என்ற அளவுக்கும் கீழே போனால், அந்த வருடம் பெண் மான்களைச் சுடுவதைக் குறைப்பேன். ஒரு தாய்க்கு ஒன்று என்று வந்தால் கவலையில்லை. ஒரே வருடத்துக் கணக்கை நம்பிப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். 60 ஏக்கர் என்பது மானுக்குச் சின்ன இடம்.

அக்டோபர் வில் வேட்டையில் ஒரு பெண் மானோடு இன்னும் புள்ளி மறையாத குட்டி வந்தது. தாயை எய்தால் குட்டி செத்துப்போகுமா? அதோடு, போன வருடம் பெண் மான் என்று நினைத்து எய்தது ஆண் குட்டியாக இருந்தது. எப்படிப் பிரித்தறிவது?

முதலில் புள்ளி. நவம்பரில் சினை பிடிக்காத பெண் மான் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபடியும் பருவத்துக்கு வரும். நன்றாகத் தின்று வளர்ந்த பெண் குட்டிகள் சில, ஆறு ஏழு மாத வயதிலேயே டிசம்பர் வாக்கில் சினையாகிவிடும். இந்தத் தாய்களின் குட்டிகள் ஜூலையிலோ அதற்குப் பிறகோ பிறப்பதால், அக்டோபரிலும் புள்ளி மிஞ்சியிருக்கும். ஜூனில் பிறந்தவை அதற்குள் குளிர்கால ரோமம் போர்த்திப் புள்ளியை இழந்திருக்கும்.

குட்டி இரண்டு மாதத்திலேயே அசைபோட்டுச் செரிக்கும் நிலைக்கு வந்துவிடும்; பத்து வாரம் ஆனால் பாலில்லாமலும் பிழைக்கும். அக்டோபரில் தாயை இழக்கும் சாதாரணக் குட்டி பெரும்பாலும் தப்பிவிடும். தாயை இழந்த ஆண் குட்டிகள் பிறந்த இடத்தைவிட்டுப் போவது குறைவு என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன, விரட்டத் தாய் இல்லையே. ஆனாலும் புள்ளி தெளிவாகத் தெரியும் குட்டியோடு வருகிற தாயை நான் விட்டுவிடுவேன். சட்டம் அனுமதித்தாலும்தான். அது என் கணக்கு. உங்கள் மேல் திணிக்கவில்லை.

இனி இரண்டாவது. ஆறு மாத ஆண் குட்டிக்குக் கொம்பு வெளியே தெரியாது. தோலுக்கு அடியில் இரண்டு மொட்டுகள் மட்டும் இருக்கும். அதனால் இரு காதுகளுக்கு நடுவே தலை தட்டையாகத் தெரியும். பெண் குட்டிக்கு அங்கே வளைவாக இருக்கும். வளர்ந்த பெண் மானின் முகம் நீளம், கழுத்து நீளம், உடல் நீள்சதுரம். குட்டிக்கு மூக்கு குட்டை, உடல் சதுரப் பெட்டிபோல் இருக்கும். இதையெல்லாம் தனியாக நிற்கும் ஒரு மானிடம் பார்த்து முடிவு செய்வது கடினம், மங்கிய வெளிச்சத்தில் இன்னும் கடினம். ஒப்பிட இன்னொரு மான் பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள். கொம்பில்லாமல் தனியாக, எல்லாருக்கும் முன்னால் துணிச்சலாக வயலுக்கு வருவது பெரும்பாலும் அனுபவமில்லாத ஆண் குட்டிதான்.

ஒஹாயோவில் நான் வேட்டையாட அனுமதி வாங்கிய பண்ணையில் ஜூன் முதல் வாரம் வைக்கோல் புல் வெட்டுகிறார்கள். குட்டிகள் இயந்திரத்தில் சிக்குமா?

சிக்கும். இயந்திரச் சத்தம் கேட்டாலும் அவை எழுந்து ஓடாது, படுத்தே கிடக்கும். ஜெர்மனியில் இதற்கென்றே விடியற்காலையில் வெப்பக் கேமரா பொருத்திய டிரோனைப் பறக்கவிட்டு, ரோ என்ற சிறிய ஐரோப்பிய மானின் குட்டிகளைக் கண்டுபிடித்து அகற்றிய பிறகு புல் வெட்டுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் தரையும் குட்டியும் ஒரே சூடாகத் தெரியும், ஆகவே அதிகாலை முக்கியம். டிரோன் இல்லாவிட்டால் பண்ணைக்காரரிடம் பேசி, வயலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். வளர்ந்த குட்டிகளுக்காவது ஓட வழி கிடைக்கும். முந்தைய நாள் மாலை வயலுக்குள் நடந்து சத்தம் போட்டால் தாய் குட்டியை நகர்த்திக்கொள்ளக்கூடும். அந்த நடைக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த ஆடை, காலுறைக்குள் செருகிய பேண்ட் இரண்டும் வேண்டும்: லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியின் இளம் பருவம் மே முதல் ஜூலை வரை வயல் ஓரப் புல்லிலும் சருகிலும் காத்திருக்கிறது, அது கசகசா அளவே இருக்கும்.