பாட்டி வீட்டு மொட்டைமாடியில் ஆறு மாதம்

அன்புள்ள அம்மா,

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் மகள் பிளேஸ்மென்ட் பயிற்சிக்குப் போகாமல், உள்ளங்கை அளவு மின்னணுப் பலகை ஒன்றோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். அது என்ன வேலை என்று நீங்களும் தெரிந்துகொண்டால் அவளுக்குப் பக்கபலமாக இருக்கலாம்.

காற்றாலை, மழைமானி, வயல் பம்ப்செட் என்று ஆள் நிற்காத இடங்களில் இன்று ஒரு சின்னக் கணினி இருந்து தகவல் அனுப்புகிறது. பத்து வருஷம் உழைக்கட்டும் என்றுதான் வைக்கிறார்கள். தகவலை வாங்கிக்கொள்ளும் மையக் கணினியான சர்வரோடு அது பேசும் முறை, அதாவது புரோட்டோகால், அதற்குள் மாறிவிடுகிறது. டி.எல்.எஸ். என்பது அந்தப் பேச்சை மற்றவர் ஒட்டுக்கேட்காமல் காக்கும் முறை. 1999-ல் வந்த அதன் 1.0, 2006-ல் வந்த 1.1 இரண்டையும் இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2021 மார்ச்சில் கைவிட்டது. அதே வருஷம் செப்டம்பர் 30 அன்று, சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. மென்பொருள் புதுப்பிக்காத பல கருவிகளுக்கு அன்றோடு பேச்சு நின்றது. கருவியில் ஒரு பழுதும் கிடையாது.

இதைத் தொலைவிலிருந்தே சரிசெய்வதுதான் உங்கள் மகள் பழகும் வேலை. நெட்வொர்க் மென்பொருளை மாற்ற அந்த நெட்வொர்க் வழியாகவே போக வேண்டும். நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தில் கைவைப்பது போல. ஒரு வரி தப்பினாலும் யாராவது வண்டி பிடித்து மலையேற வேண்டியிருக்கும். அதனால் பழைய மென்பொருளை அழிக்காமல், பக்கத்தில் இன்னோர் இடத்தில் புதியதை எழுதுகிறார்கள். புதியது எழுந்து சர்வரைத் தொட்டால் அதுவே தொடரும். தொடாவிட்டால் கருவி தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழையதற்குத் திரும்பும்.

இன்னொன்று, நம் மின்வெட்டு. இ.எஸ்.பி.32 போன்ற சின்னக் கணினிப் பலகையில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி வைக்காவிட்டால், கரண்ட் வந்ததும் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழும். சர்வரின் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்று இணைப்பை மறுத்துவிடும். முதலில் இணையம் வழியாகச் சரியான நேரம் சொல்லும் என்.டி.பி.யிடம் நேரம் கேட்டுவிட்டுத்தான் டி.எல்.எஸ். பக்கம் போக வேண்டும். என்னிடம் வந்த மாணவர் ஒருவரிடம் நேர்காணலில் இதையே கேட்டார்கள். தன் வீட்டில் ஒரு வாரம் இதோடு மாரடித்தவர் என்பதால் தயங்காமல் சொன்னார்.

மகள் அந்தப் பலகையை ஊரில் பாட்டி வீட்டு மொட்டைமாடியில் வைத்துவிட்டு வரட்டும். ஆறு மாதம் கையால் தொடக்கூடாது. இங்கிருந்தே இரண்டு முறை புதுப்பிக்கட்டும். ஒருமுறை வேண்டுமென்றே தப்பான மென்பொருளை அனுப்பி, தானாக மீள்கிறதா என்று பார்க்கட்டும். நடந்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நேர்காணலில் அந்த நோட்டுதான் பேசும். சி என்ற நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம், நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் மூன்றையும் செலவில்லாமல் கற்கலாம், கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். கல்லூரிக்கு வந்து நூறு பேரை அள்ளிக்கொண்டு போகும் வேலை அல்ல இது. சின்ன நிறுவனங்களாகத் தேடி அவளே எழுத வேண்டும். அதனால் ஆப்டிட்யூட் பயிற்சியை அடியோடு விடவேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போகட்டும்.

நடுவில் ஒருநாள் பாட்டி வீட்டில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், மகளுக்குத் தெரிய வேண்டாம். பலகையின் பேச்சு நின்றுவிடும், இங்கிருந்து சரிசெய்யவும் வழியிருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பலகையோடு, வைஃபை இல்லாவிட்டாலும் இணைப்புத் தரும் ஒரு சிம் மோடமும் எடுத்துக்கொண்டு போகிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.