மினி டிராக்டர் கேள்வி-பதில்: வாரண்டி அட்டையை முதலில் படியுங்கள்

போன தடவை பவர் டில்லர் பற்றி எழுதியதும் மினி டிராக்டர் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லும் விலைகளெல்லாம் தோராயம். மாவட்டத்துக்கு மாவட்டம் ஐந்து பத்தாயிரம் முன்பின் இருக்கும்.

எந்த மினி டிராக்டர் சிறந்தது? நாளை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

எத்தனை ஏக்கர், என்ன மண், என்ன பயிர் என்று எதுவும் எழுதவில்லை. நாளை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நான்கு ஏக்கரில் மஞ்சளும் வாழையும். 18 குதிரைத்திறன் போதுமா, 24 வாங்கலாமா? (கோபிசெட்டிபாளையம்)

குதிரைத்திறன் இருக்கட்டும், முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள். உழவு, ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை), வாழைக்கு இடையுழவு என எல்லாம் சேர்த்தாலும் நான்கு ஏக்கருக்கு ஆண்டில் 60 மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். ஆறு லட்ச ரூபாய் வண்டி ஓடினாலும் நின்றாலும் தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்தைத் தின்றுவிடும். வாடகை வண்டி மணிக்கு ஆயிரம் என்று வையுங்கள். சொந்த வண்டியில் டீசல் 250 போக உங்களுக்கு மிச்சம் 750. ஆக, வருடத்துக்கு 130 மணி நேரமாவது ஓடினால்தான் கட்டுப்படியாகும். மீதி 70 மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வாடகைக்கு ஓட்டப் போகிறீர்களா, ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் வாடகை வண்டியே லாபம்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் 18 போதும், மூன்றடி ரோட்டவேட்டரை இழுக்கும். நான்கடி ரோட்டவேட்டர் வேண்டுமென்றால் 24-க்குப் போங்கள். வாழையில் ஆறடி இடைவெளி இருந்தால் வண்டி தாராளமாக ஓடும். மஞ்சள் நட்ட பிறகு எந்த மினியும் உள்ளே இறங்காது, டீலர் என்ன சொன்னாலும் சரி.

விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் குதிரைத்திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பிடிஓவுக்கு அதில் 15 சதவீதம் குறைந்துதான் வரும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓ திறன், டீசல் செலவு, லிஃப்ட் தூக்கும் எடை எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சேற்றுழவுக்கு மினி ஆகுமா? (திருவிடைமருதூர்)

ஆழமான களிமண் சேற்றை நம்பி மினி வாங்காதீர்கள். 4 வீல் வண்டியில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், முன் ஆக்சில் சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் ஆயில் வெளுத்துப் பால் நிறமாகிவிடும். அதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் ஓட்டினால் பேரிங், பினியன் வரை செலவு இழுக்கும். சேற்றுழவை வாடகை வண்டிக்கு விடுங்கள்.

ஜிஎஸ்டி குறைந்தது என்கிறார்கள். டீலர் பழைய விலையையே சொல்கிறார். (அரூர்)

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5. வரிக்கு முந்தைய விலை ஆறு லட்சம் என்றால் 42 ஆயிரம் குறைந்தாக வேண்டும். "ஆன்ரோடு இவ்வளவு" என்று ஒரே தொகையைச் சொல்வதில்தான் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. வண்டி விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், பம்பர், மேல்கூரை எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டு, எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். இரண்டு டீலர்களிடம் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள்.

திராட்சைத் தோட்டத்துக்கு 4 வீல் மினி வாங்கினோம். "ஐந்து வருட வாரண்டி, கவலையே வேண்டாம்" என்றார்கள். 320 மணி நேரத்தில் கிளட்ச் போனது. அது வாரண்டியில் வராதாம். இப்போது ஹைட்ராலிக் பம்பில் கசிவு. வெளியே ஆயில் மாற்றியதால் அதுவும் கிடையாது என்கிறார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா? (கம்பம்)

பாதித் தவறு அவர்களுடையது, பாதி உங்களுடையது. இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளட்டும்.

வாரண்டி அட்டையைப் பணம் கட்டுவதற்கு முன்பு கேட்டு வாங்கிப் படித்தவர் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. வண்டி வீட்டுக்கு வந்து, பூஜை போட்டு, அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். கிளட்ச் கருகிய அன்றுதான் அதைத் தேடுகிறோம். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர், பல்பு, ரப்பர் ஹோஸ் போன்ற தேயும் சாமான்கள் அனேகமாக எந்த நிறுவனத்தின் அட்டையிலும் வராது. டயர், பேட்டரி போன்றவற்றுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனமே தனியாகப் பொறுப்பு. "ஐந்து வருடம்" என்பதும் பெரும்பாலும் ஐந்து வருடம் அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அது. சில நிறுவனங்களில் முதல் இரண்டு வருடம்தான் முழு வண்டிக்கும், மிச்ச வருடங்கள் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும். செங்கல், மணல் இழுத்தால் வாரண்டி இல்லை என்றும் பல அட்டைகளில் சிறிய எழுத்தில் இருக்கும்.

320 மணி நேரத்தில் கிளட்ச் கருகுவது பெரும்பாலும் ஓட்டுபவரின் காலால். பெடல் மேலேயே பாதத்தை வைத்து ஓட்டுகிறார்கள். பெடலில் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்சைத் தொடாத வெற்று அசைவு, இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கால் வைக்காமலே பிளேட் வழுக்கும். 50 மணி நேரத்து முதல் சர்வீஸில் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா? ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் விவரம் எழுதும் சீட்டில், எழுதியிருக்கிறதா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மெக்கானிக் பைக்கில் தோட்டத்துக்கே வருகிறார், எதையோ முறுக்குகிறார், ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார். துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நீங்கள் மூன்று முறை புகார் சொல்லியிருப்பீர்கள். நிறுவனத்தின் கணினியில் புகாரே வரவில்லை என்று இருக்கும். ஜாப் கார்டு இல்லாத சர்வீஸ் நடக்காத சர்வீஸ். மணி மீட்டர் எண், புகார், மாற்றிய சாமான், ஊற்றிய ஆயிலின் கிரேடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சரி, பம்புக்கு வருவோம். வெளியே ஆயில் மாற்றியதற்கும் பம்ப் கசிவதற்கும் என்ன தொடர்பு என்று டீலரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். நீங்கள் வாங்கிய ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடு என்றால், அதன் பில்லும் இருந்தால், உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கடையில் டிரம்மிலிருந்து ஊற்றி வாங்கியிருந்தால் என்னால் உங்களுக்காக வாதாட முடியாது. டீலர் வாய் திறக்காவிட்டால் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக விவசாயி வாங்கிய வண்டியை வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. வாரண்டி வருடங்களை எண்ணி வண்டி வாங்குகிறீர்களே, சாமான் எத்தனை கிலோமீட்டரில் கிடைக்கும் என்று எண்ணினீர்களா? திராட்சைக்கு மருந்தடிக்கிற வாரத்தில் வண்டி நின்றால், பதினைந்து நாள் கழித்து இலவசமாக வருகிற பம்ப் யாருக்கு வேண்டும்? வாங்குவதற்கு முன் ஷோரூமில் காபி குடித்துவிட்டு வராமல், பக்கத்திலிருக்கும் சாமான் கவுன்டருக்குப் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு ஆயில் ஃபில்டர், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், பிடிஓ சீல் நான்கும் இப்போது இருக்கிறதா, விலை என்ன என்று கேளுங்கள். நான்கில் இரண்டு "ஆர்டர் போட்டால் வரும்" என்று சொன்னால், அந்த வண்டி எத்தனை வருட வாரண்டி கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

2 வீலுக்கும் 4 வீலுக்கும் அறுபது எழுபதாயிரம் வித்தியாசம். தென்னந்தோப்புக்கு எது? (பொள்ளாச்சி)

பாத்தி, வாய்க்கால், ஈரம் எல்லாம் இருக்கிற தோப்பு என்றால் 4 வீல் வாங்குங்கள், வீண் போகாது. தார் ரோட்டில் மட்டும் 4 வீல் லீவரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். போட்டபடியே ஓட்டினால் முன் டயர் தேய்வதோடு கியர்களும் இறுகி அடிவாங்கும். டயர் மாற்றும்போது முன்னும் பின்னும் பழைய அளவிலேயே போட வேண்டும். அளவு மாறினால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும்.

ஏழு வருட வண்டி, 27 குதிரைத்திறன், மீட்டரில் 900 மணி நேரம்தான். 2.75 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா? (திண்டிவனம்)

"900 மணி நேரம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள், மீட்டர் கேபிளைக் கழற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தீர்களா? மீட்டரை விட்டுவிட்டு கிளட்ச் பெடல் ரப்பர், பிடிஓ ஷாஃப்டின் பற்கள், கலப்பையை மாட்டும் மூன்று முனை இணைப்பின் துளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 900 மணி நேரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் டயர் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள், மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக் வேலை காத்திருக்கிறது.

ஆர்சி புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் டயருக்கும் கிளட்சுக்கும் 50 ஆயிரம் ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

வங்கியில் 11 சதவீத வட்டி. டீலரோடு வரும் நிதி நிறுவனம் 9 சதவீதம்தான் என்கிறது. (மணப்பாறை)

அந்த 9 ஃப்ளாட் வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் போடும் வட்டியா, என்று கேளுங்கள், நிச்சயம் அப்படித்தான் இருக்கும். ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருடம் ஃப்ளாட் 9 என்றால் வட்டி மட்டும் 2.25 லட்சம். குறையும் நிலுவைக் கணக்கில் அது கிட்டத்தட்ட 16 சதவீதம். வங்கிக்கே போங்கள். மேலாளர் இரண்டு முறை அலையவிட்டாலும் போங்கள். மொத்தமாகக் கட்டப்போகும் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

மானியம் வருமா? வண்டியை வாங்கிவிட்டோம். (நத்தம்)

வராது. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு வாங்க வேண்டும். எத்தனை முறை எழுதுவது?

வண்டி வந்து ஒரு வாரம், பத்து மணி நேரம் ஓடியிருக்கிறது. முழு லோடில் ஓட்டலாமா? (குளித்தலை)

முதல் 50 மணி நேரம் எஞ்சின் திணறும் அளவுக்கு இழுக்கவிடாதீர்கள். அதற்காக மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவதும் கெடுதல், மிதமான வேலை கொடுங்கள். 50 ஆனதும் தள்ளிப்போடாமல் சர்வீஸ், ஜாப் கார்டோடு. அதுவரை தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்ப்பதோடு வீல் நட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். புது வண்டியில் அவை தளர்வது சகஜம்.