மகள் தீயணைப்பு அதிகாரி ஆக வேண்டும் என்கிறாள்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிகிரி படிக்கும் மகள், "குரூப் ஒன் எழுதுவேன், கிடைத்தால் தீயணைப்புத் துறைதான்" என்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்று கேட்கிறீர்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் நீங்கள் மனசில் வைத்திருக்கும் வேலையும் அவள் கேட்கும் வேலையும் ஒன்றா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குள் நுழைய வழக்கமான வழி, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலரோடு சேர்த்து எடுக்கும் தீயணைப்பாளர் வேலை. அந்தப் பணியிடங்கள் ஆண்களுக்கு என்றே அறிவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. பெண்களுக்குத் திறந்தது மேல்வாசல். 2003-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஒன் வழியாக மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் கோட்ட அலுவலர்களாக நேரடியாக வந்தார்கள். அந்தப் பதவிக்கு இப்போது மாவட்ட அலுவலர் என்று பெயர். ஆக, உங்கள் மகள் வேலைக்குச் சேரும் நாளிலேயே அதிகாரி. அவளுக்குக் கீழே இருக்கும் நிலைய அலுவலர்கள் பலர், அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே தீயோடு மல்லுக்கட்டியவர்களாக இருப்பார்கள். தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு நிலைமையை மனதில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

"அதிகாரி என்றால் ஆபீஸ் வேலைதானே" என்று நிம்மதி அடைய வேண்டாம். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மகால் எரிந்தபோது, உள்ளே போன பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். உடன் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. அதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். அவளும் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்கட்டும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. குறைந்தபட்ச வயது 21, ஒரு பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் தலா 250 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள்கள், பிறகு நேர்முகம். தமிழ்த் தகுதித் தாளில் 100-க்கு 40 வராவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை அலட்சியம் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். பாடத்திட்டத்தைப் புரட்டுவதற்கு முன், அறிவிக்கையில் இந்தப் பதவிக்கான உடற்தகுதிப் பகுதியைப் படியுங்கள். உயரத்தை வீட்டுச் சுவரில் கோடு போட்டு அளக்காமல் சரியான அளவுகோலில் அளந்து பாருங்கள். கண் மருத்துவரிடம் பார்வையோடு நிறப்பார்வையையும் சோதித்துவிடுங்கள். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரியவருவதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது மேல்.

பெரிய சிக்கல், இடங்களின் எண்ணிக்கை. 2024 குரூப் ஒன் அறிவிக்கையில் மொத்தம் 90 இடங்கள். அதில் தீயணைப்பு மாவட்ட அலுவலர் ஒன்றே ஒன்று. அதனால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அதே சமயம், கலந்தாய்வில் முன்வரிசையில் வருபவர்கள் பெரும்பாலும் வருவாய்த் துறையையும் காவல் துறையையும் நோக்கிப் போகிறவர்கள். தரவரிசை கிடைத்து, அந்த ஒரு இடமும் இருந்தால், சொந்தக்காரர்கள் பேச்சுக்காக வேறு பதவியை எடுக்கச் சொல்லி அவளை நெருக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். தீப்பிடித்த இடத்தில் அதிகாரியின் முக்கியமான ஆயுதம் கணக்கு. முதலில் காற்றுக் கணக்கு. பி.ஏ. செட் என்று சொல்லும் மூச்சுக்கருவியில் 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,800 லிட்டர் காற்று. 50 பாரை, அதாவது 300 லிட்டரை, வெளியே வருவதற்கென்று ஒதுக்கினால் வேலைக்கு மிஞ்சுவது 1,500. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 37 நிமிடம் வரும். ஆனால் மாடி ஏறி, ஆளைத் தூக்கி, பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது 60 லிட்டர் போய்விடும். அப்போது 25 நிமிடம்தான். உள்ளே போனவரின் பெயர், போன நேரம், சிலிண்டர் அழுத்தம் மூன்றையும் வெளியே ஒருவர் பலகையில் எழுத வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தப் பலகைதான். காற்று குறைந்ததும் கருவி எச்சரிக்கை விசில் அடிக்கும்; அதற்குப் பிறகு வெளியே கூப்பிட்டால் தாமதம். அதற்கு முன்பே கூப்பிடத் தெரிந்தவர்தான் அதிகாரி.

அடுத்தது தண்ணீர். தண்ணீரைப் பீய்ச்சும் முனையான நாசிலின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி, அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 16 மி.மீ. நாசில், 7 பார் என்றால் சுமார் 450 லிட்டர். 4,500 லிட்டர் வண்டி பத்து நிமிடத்தில் காலி. நாசிலை 20 மி.மீ. ஆக மாற்றினால் ஆறரை நிமிடம்கூடத் தாங்காது. எனவே வண்டி வந்து நின்றதுமே அடுத்த வண்டியையும் நீர் ஆதாரத்தையும் கேட்டாக வேண்டும். தண்ணீர் தீர்ந்த பிறகு கேட்டால் அந்த இடைவெளியில் தீ அடுத்த அறைக்குப் போயிருக்கும். பிளஸ் டூ இயற்பியல் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வாரப் பாடம்.

உடல் வலிமையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 63 மி.மீ. விட்டமுள்ள ஹோஸ் (தண்ணீர்க் குழாய்) ஒன்று, 15 மீட்டர் நீளம்; தண்ணீர் நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 47 கிலோ. இதை யாரும் தனியாகத் தூக்குவதில்லை, இழுப்பார்கள். இழுக்கும் பலம் தொடையிலும் இடுப்பிலும் பிடியிலும் இருக்கிறது. தினமும் ஓடினால் மட்டும் அது வராது. வாரத்தில் மூன்று நாள் சுமையோடு படியேறுவது, ஸ்குவாட், கம்பியில் தொங்குவது என்று இரண்டு வருடம் நிதானமாகச் செய்யட்டும். பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு மட்டும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு முழங்கால்தான் போகும்.

கருவிகள் பெரும்பாலும் ஆண் உடம்புக்கு அளவெடுத்தவை. பூட்ஸும் கையுறையும் பெரிதாக இருந்தால் ஏணியில் பிடி நழுவும். முகக்கவசம் முகத்தோடு ஒட்டாவிட்டால் புகை உள்ளே வரும். நெற்றியோரம் ஒரு முடிக்கற்றை மாட்டினாலே போதும். கவசத்தை மாட்டி, காற்றுக் குழாயை அடைத்து, மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கவசம் முகத்தோடு ஒட்டி அப்படியே நின்றால் சரி. பொருந்தவில்லை என்றால் வேறு அளவு எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடை மாற்றும் அறை, கழிப்பறை பற்றியும் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அனுபவசாலிகளை எப்படி நடத்துவது? தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் ஒரே டிரில்லில் சாயம் வெளுத்துவிடும். பம்ப் இயக்குவது, முடிச்சு போடுவது, ஏணி வைப்பது எல்லாவற்றையும் அவர்களோடு நின்று கையால் செய்ய வேண்டும். அதே நேரம், தீ இடத்தில் உத்தரவு ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அங்கே தயங்கினால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். டிரில்லில் மாணவியாகவும் தீ இடத்தில் தலைவியாகவும் இருக்கப் பழகுவதற்குக் கல்லூரி என்.சி.சி. நல்ல களம்.

வெளியே தெரியாத பாதி வேலை, கட்டிடங்களின் தீப் பாதுகாப்பு ஆய்வும் சான்றும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள்; கூரை வேய்ந்த கொட்டகையில் வகுப்பு நடந்தது. அப்படிப்பட்ட கட்டிடத்துக்குச் சான்று தரமாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் இந்த அதிகாரி. "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க மேடம்" என்ற குரல்கள் எல்லாப் பக்கமும் வரும். என்னைக் கேட்டால், நெருப்பைவிட இதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும்.

மாற்று வழிகளும் உண்டு. நாக்பூரில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. 2002-இல் அங்கே முதல் பெண்ணாகச் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர் பிறகு ஓ.என்.ஜி.சி.யில் தீயணைப்புப் பொறியாளர் ஆனார். விமான நிலைய ஆணையமும் பெண்களை எடுக்கிறது. அங்கே ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். கனரக வண்டி உரிமத்துக்கு 20 வயதும், கார் உரிமம் பெற்று ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். எனவே 18 முடிந்ததும் எல்.எம்.வி. எனப்படும் கார் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். "ஆறு மாத ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, அரசு வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணம் கட்டுவதற்கு முன், எந்த அரசு அறிவிக்கையில் அந்தச் சான்றிதழ் தகுதியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்கள்.

கல்யாணம், குழந்தை என்ற கவலைக்கு: மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். இடமாற்றமும் நடுராத்திரி அழைப்பும் இருக்கத்தான் செய்யும். வரன் பார்க்கும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சம்மதிக்கிற வீடாகப் பாருங்கள்.