சூரியன் கூடிக் குறைந்தால் பூமி எவ்வளவு சூடாகும்? – கேள்வி பதில்

கேள்வி: பூமிக்கு வரும் வெப்பம் சூரியனிடமிருந்துதானே வருகிறது? அப்போது புவி வெப்பமாவதற்கும் அதுதானே காரணம்?

பதில்: பாத்திரம் பொங்கினால் முதலில் அடுப்பைத்தான் பார்ப்போம், அதனால் நியாயமான சந்தேகம்தான். அந்த அடுப்பை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனுக்கு நேராக ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1361 வாட். சூரியன் ஒளி கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஏறக்குறைய 1 வாட்தான். பூமி உருண்டை என்பதால் அந்த ஒரு வாட்டை நாலாகப் பங்கிட வேண்டும். அதிலும் சுமார் 30 சதவீதம் மேகத்திலும் பனியிலும் பட்டுத் திரும்பிவிடும். கையில் நிற்பது 0.2 வாட்டுக்கும் குறைவு, வெப்பநிலையில் 0.1 டிகிரி அளவுக்குத்தான் வித்தியாசம். பூமியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது.

கேள்வி: சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகள் கூடினால் அது மங்கத்தானே வேண்டும்?

பதில்: இல்லை, கொஞ்சம் பிரகாசமாகும். புள்ளிகளோடு சேர்ந்து வரும் வெண்திட்டுகள், புள்ளிகள் மறைப்பதைவிட அதிகமாக ஒளி தருகின்றன.

கேள்வி: 1645 முதல் 1715 வரை புள்ளிகளே அரிதாக இருந்தன, ஐரோப்பா நடுங்கியது என்கிறார்களே?

பதில்: இரண்டும் உண்மை. ஆனால் அந்த நீண்ட குளிர் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. எரிமலைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பழியை முழுக்கச் சூரியன் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: சரி, இப்போதைய சூட்டுக்குச் சூரியன் காரணமில்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

பதில்: எனக்குப் பிடித்த சாட்சி, நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. சூரியன் கூடியிருந்தால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: தரையை ஒட்டிய அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும். அப்புறம், 1980களுக்குப் பிறகு சூரியன் கூடவே இல்லை, சற்றே இறங்குமுகம். 2008-09இல் புள்ளிகளே இல்லாத நாட்கள் ஏராளம். அதற்கடுத்த பத்தாண்டு முந்தையதைவிடச் சூடானது.

கேள்வி: ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறதாமே, அப்போது?

பதில்: ஜூலையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஒளி கிடைக்கும், ஆமாம். ஆனாலும் உலகச் சராசரி வெப்பம் உச்சம் தொடுவது ஜூலையில். வடபாதியில் நிலம் அதிகம். கடலைவிட நிலம் சட்டென்று சூடேறும்.